வளைந்த பின்சுவரும் சம்பந்தி மாமியின் கல்யாணியும்

ஸ்ரீரங்கம்,
வெள்ளிக்கிழமை

சம்பந்தி அழகியமணவாளன் ஸ்வாமி திருவடிகளுக்கு, அடியேன் வெங்கட்ராகவன் தெண்டன் சமர்ப்பித்து எழுதிக்கொள்வது. பெருமாள் கிருபையில் நானும் ஹம்ஸாவும் சௌக்கியம். தேவரீருக்கு முழங்காலில் தையல் பிரித்தாயிற்று என்று கேட்டு சந்தோஷம். கே.கே. நகருக்கு ஒரே பஸ்தான், நேரில் வந்திருக்கலாம், போனாவது செய்திருக்கலாம். இரண்டிலும் மாமி எதிர்ப்பட்டுவிடுவாரோ என்ற பயத்தில் தபாலில் எழுதுகிறேன்.

திருச்சியில் புதிதாகக் கட்டிய சங்கீத மண்டபத்துக்கு அடியேன் கமிட்டி மெம்பர் என்பது தெரிந்ததே. முப்பது வருஷம் பாலங்களுக்குப் படம் வரைந்தவன், மண்டபம் என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். ஆர்க்கிடெக்ட் ஜெஸ்லின் சின்னப் பெண். பின்சுவரில் கனத்த திரை தொங்கவிட வேண்டும் என்றாள். சங்கீதத்தைத் துணியில் பொதிந்து வைப்பதாவது என்று நான் அதை அடித்துவிட்டு, சுவரைப் பிறை போல வளைக்கச் சொன்னேன். "சார், சுவர் வளைஞ்சா பின்னாடி பேசறது அப்படியே மேடைக்குப் போயிடும்" என்றாள். "கச்சேரிக்கு வரவா பேச மாட்டாம்மா" என்றேன். மண்டபத்துக்கு இடம் கொடுத்த தொட்டியம் வாழைக்காய் வியாபாரி சின்னையன்கூட, "எங்க ஜனங்க பேசிக்கிட்டுத்தாங்க பாட்டு கேப்பாங்க, அவங்களும் வரணும்ல" என்றார். ரசிகர்களுக்கு மட்டும்தான் மண்டபம் என்று நான் மேஜையைத் தட்டினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை முதல் கச்சேரி, தேவரீரின் தேவிகள் அரவிந்தவல்லி மாமியினுடையது. என் பெண் ஸ்ம்ருதியின் மாமியார் பாடுகிறார் என்று ஊரெல்லாம் நான்தான் சொல்லி வைத்தேன். மைக் கிடையாது. என் சுவரின் பெருமையை அனுபவிக்க வேண்டுமென்று கடைசி வரிசை நடு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன், அங்கேதான் வந்தது வினை. மாமி கல்யாணியை எடுத்தார், அமோகம், பொய் சொல்லவில்லை, ஆனால் நாற்பது நிமிஷம் ஆயிற்று, காண்டீனில் ஷட்டரை இறக்குகிற சத்தம் வேறு கேட்டது, எனக்கோ நாலு மணிக்குக் குடித்த காபி. ஹம்ஸாவின் காதோடுதான் சொன்னேன்: "மாமி இப்போதைக்கு விடமாட்டா போலிருக்கு. நீ போய் ரெண்டு காபி சொல்லு."

வயலின்காரர் வில்லை நிறுத்தினார். மாமியும் நிறுத்தினார். "மெதுவாப் பேசுங்கோன்னா" என்றாள் ஹம்ஸா. அதுவும் மேடைக்குப் போயிற்று. "நான் மெதுவாத்தான் பேசறேன், சுவர்தான் கத்தறது" என்றேன், அதுவும் போயிற்று. மாமி மேடையிலிருந்து, முகத்தில் ஒன்றும் காட்டாமல், "முடிச்சுடறேன் சம்பந்தி" என்றார். ஒவ்வொரு எழுத்தும் கடைசி வரிசை வரை துல்லியமாக வந்து விழுந்தது. அந்தக் கணத்திலும் சுவரை நினைத்துக் கொஞ்சம் பெருமைப்பட்டேன் என்பதை தேவரீரிடம் மறைக்கக் கூடாது. சின்னையன் எழுந்து, "நல்லாத்தானே போயிக்கிட்டு இருந்துச்சு, பாடுங்கம்மா" என்றார். மாமி இரண்டே வரியில் ராகத்தை முடித்து மங்களம் பாடிவிட்டார்.

நேற்று ஸ்ம்ருதி போன் செய்தாள். "அப்பா, இங்கே என் மாமியார் நாலு நாளா யாரோடயும் பேசலை. ஏதாவது வேணும்னா சீட்டுல எழுதிக் காட்டறா" என்றாள். கல்யாணமாகி மூன்று மாசம்கூட ஆகவில்லை. என் நாக்கால் குழந்தை அங்கே சங்கடப்படலாமா? திரை மாட்டச் சொல்லி ஜெஸ்லினிடம் போய்க் கேட்டுக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. கமிட்டிக்கும் இன்று காலை ராஜினாமா கொடுத்துவிட்டேன். மாமியிடம் தேவரீர் சமயம் பார்த்து அடியேனுக்காக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

மாப்பிள்ளை ஹ்ருஷிகேஷுக்கும் குழந்தை ஸ்ம்ருதிக்கும் அநேக ஆசீர்வாதம். தாயார் கடாக்ஷத்தில் தேவரீர் சீக்கிரம் கைத்தடியில்லாமல் நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
அடியேன் வெங்கட்ராகவ தாஸன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது மாமியே ஹம்ஸாவுக்குப் போன் செய்தார். அன்று பாதி ஆலாபனையில் தொண்டை கட்டிக்கொண்டதாம்; எப்படி நிறுத்துவது என்று தவித்தபோது அடியேன் காப்பாற்றினேனாம். பேசாமல் இருந்தது டாக்டர் உத்தரவாம். அடுத்த கச்சேரிக்கும் அதே நாற்காலியில் உட்காரச் சொல்கிறார். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் தேவரீர் படிக்க வேண்டாம். கமிட்டிதான் என் ராஜினாமாவைப் பத்தே நிமிஷத்தில், ஏகமனதாக, கைதட்டி ஏற்றுக்கொண்டுவிட்டது. அதைத் திரும்ப வாங்க வழியுண்டா என்று மட்டும் தேவரீர் விசாரித்துச் சொல்லவும்.