குழாய் படம் போட்ட விளக்கு

இனி இந்த வீட்டில் என் மனைவி வரலட்சுமி பாத்திரம் தேய்க்கக் கூடாது என்று நான் முடிவெடுத்தேன். அவள் கை நோகிறதே என்பதற்காக இல்லை. என் வாய் சும்மா கிடக்கிறதே என்பதற்காக.

என் பெயர் தட்சிணாமூர்த்தி. வாயே திறக்காத சாமியின் பெயர். எனக்கோ பேசாவிட்டால் சோறு செரிக்காது. மண்ணூர்பேட்டை கம்பெனியில் இருந்தவரை பேச ஆள் பஞ்சமில்லை. ரிட்டயர்டு ஆன பிறகு மாங்காட்டு ஃபிளாட்டில் நானும் சுவரும்தான். பெங்களூரிலிருக்கும் மகள் வர்ஷாவுக்கு எப்போது போன் போட்டாலும் மீட்டிங். மனைவியோ எந்நேரமும் ஸிங்க் முன்னால் நிற்பாள். முதுகோடு எவ்வளவு நேரம்தான் பேசுவது?

ஆகவே பாத்திரம் கழுவும் மெஷின் வாங்கினேன். அவளுக்கு வேலை மிச்சம், மிச்சமான நேரமெல்லாம் எனக்கு என்பது கணக்கு. எங்கள் பக்கத்துத் தண்ணீர் உப்பு. அந்த உப்புத் தண்ணீரைச் சரிக்கட்ட மெஷினுக்குள் இன்னும் உப்பு கொட்ட வேண்டும் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஆனால் பாத்திரம் பளபளவென்று வந்தது. பெருமை தாங்காமல் ஃபிளாட் வாட்ஸ்அப் குரூப்பில் பக்கம் பக்கமாகச் சிபாரிசு எழுதினேன். எல்லோரும் கட்டைவிரலைக் காட்டினார்கள். தரைத்தளத்து வஹீதுன்னிசா மட்டும் நிஜமாகவே வாங்கினார்.

அன்று மாலை சோபாவில் பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்தேன். வரலட்சுமி செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"கீழ வஹீதாக்கா வீட்டுக்கு. ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை போடக் கத்துக்கிறேன். அதான் நேரம் கெடைச்சிருக்கே."

அன்றிலிருந்து தினமும் அதே கதை. நான் டி.வி.யோடு பேசினேன். லோன் வேண்டுமா என்று போன் செய்த பெண்ணிடம் என் சர்வீஸ் வரலாற்றைச் சொன்னேன். அவளே போனை வைத்துவிட்டாள். அன்றைக்கு எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டாயிற்று, எடுக்கவும் நான்தானே வேண்டும்? ஸிங்க்குக்கு அடியில் கையை விட்டு, மெஷினுக்குத் தண்ணீர் போகும் வால்வை மூடினேன். மெஷின் முனகியது. முகப்பில் குழாய் படம் போட்ட சின்ன விளக்கு ஒன்று எரிந்தது. அது என்ன என்று கேட்டாள். உள்ளே போர்டு போய்விட்டது, ஸ்பேர் வர நாளாகும் என்று தொழில்நுட்பமாக அளந்தேன். அவள் தலையாட்டிவிட்டுத் தானே தேய்த்தாள். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக்கொண்டு வாய் வலிக்கப் பேசினேன். ரிட்டயர்டு ஆன பிறகு எனக்குக் கிடைத்த ஒரே நல்ல சாயங்காலம்.

மறுநாள் ஸிங்க் காலி. பாத்திரமும் இல்லை, பெண்டாட்டியும் இல்லை. அத்தனையையும் பிளாஸ்டிக் டப்பில் அள்ளிக்கொண்டு வஹீதுன்னிசா வீட்டு மெஷினில் போடப் போய்விட்டாள். நான் சிபாரிசு செய்த அதே மெஷின். அது கழுவி, காய வைத்து முடிக்கும்வரை அங்கேயே இருந்தாள். முன்பு சீக்கிரம் திரும்பி வருவாள். இப்போது ராத்திரிச் சோற்றுக்குத்தான் வந்தாள்.

இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் வால்வைத் திறந்துவிட்டு, நானே ரிப்பேர் பார்த்துவிட்டதாக அறிவித்தேன்.

"வால்வைத் திறந்தீங்களாக்கும்" என்றாள்.

ஸிங்க்குக்கு அடியில் விட்ட கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

"தண்ணி வரலைன்னா அந்தக் குழாய் விளக்கு எரியும்னு மெஷின் மாட்ட வந்தவரே சொன்னாரே. உங்க சர்வீஸ் கதையை நீங்க அவருக்குச் சொல்லிட்டிருந்தீங்க, காதுல விழல." புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "பேசணும்னா வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே. தண்ணியை எதுக்கு நிறுத்தணும்?"

"சொன்னா இருப்பியா?"

செருப்பைத் தேடிக் காலில் மாட்டினாள். 

"இருப்பேன். இன்னைக்கு முடியாது. நானும் அக்காவும் நூல் வாங்கப் பூந்தமல்லி போறோம். அவங்க மெஷினும் காலையிலேர்ந்து ஓடல. அவங்க வீட்டுக்காரர் பாத்திரத்தை இங்க எடுத்துட்டு வருவாரு, போட்டுக் குடுங்க."

அவள் போன கையோடு ஹாஜா மொய்தீன் டப்போடு வந்தார். பந்தல் பாத்திரக் கடையை மகன் ஜமீரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டோடு இருப்பவர். கேட் பக்கம் பார்த்தால் தலையாட்டுவோம், அவ்வளவுதான் பழக்கம். டப்பை இறக்கி வைத்தார். வரலட்சுமிக்காக நான் விட்டு வைத்திருந்த இடத்தில் உட்கார்ந்தார். என்னையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மெசினு சூப்பரா கீதுன்னு குரூப்ல அம்மாம் பெருசா எழுதுனியே அண்ணாத்தே" என்றார். "வால்வ மூடுனா வெளக்கு எரிஞ்சி மாட்டிவுட்ரும்னு ஒரு வரி போட்ருக்கக் கூடாது?"