தராசுச் சின்னத்தில் நல்லரத்தினம்

"வேற சின்னமே கிடைக்கல்லியா, கோணாமலை?"

நல்லரத்தினம் முதலாளி இதை மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

"என்ன செய்யிற முதலாளி? துண்டு குலுக்கினாங்க. ஏணி ஒருத்தனுக்கு, மேசை லாம்பு ஒருத்தனுக்கு. நம்மட குழுவுக்கு விழுந்தது தராசு."

தேர்தல் சின்னம் கொடுக்கும் மாவட்டக் கச்சேரியிலிருந்து அப்போதுதான் பஸ்ஸில் வந்திறங்கியிருந்த சக வேட்பாளர் கோணாமலை, வியர்வையைத் துடைத்தபடி முதலாளியின் தலைக்கு மேலே தொங்கிய தராசை நிமிர்ந்து பார்த்தார். கடையில் நின்ற நாலு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்துத் தொலைத்திருந்தாலும் பரவாயில்லை.

அந்தத் தராசில் சாமான் வைக்கும் தட்டுக்கு அடியில், ஈயம் பொதிந்த மெழுகு உருண்டையொன்று தகப்பன் காலத்திலிருந்தே ஒட்டிக்கொண்டிருந்தது. வெறுந்தட்டு சாய்ந்து காட்டிக்கொடுத்துவிடாதபடி மறுதட்டில் எந்நேரமும் ஒரு படிக்கல் கிடக்கும். இதைக் களவு என்று அவர் நினைத்ததேயில்லை. உப்புச் சாக்கில் ஈரம் இருப்பதுபோல, கடையென்றால் அதுவும் இருக்கும்.

தொண்ணூறாம் ஆண்டுக் குழப்பத்தில் மற்றக் கடைகள் எரிந்தபின் களப்புத் தோணித் துறையடியில் மிஞ்சியது அவர் கடை ஒன்றுதான். நாலு வருசம் கழித்துப் பிரதேச சபைத் தேர்தல் என்றதும் ஊரார் வெற்றிலைத் தட்டோடு வந்தார்கள். "நீதி நியாயமான ஆள் நீங்கதான். நம்மட சுயேச்சைக் குழுவுக்குத் தலைவரா நில்லுங்க" என்றார்கள். கேட்கக் கேட்க அவருக்கே அது உண்மைபோலப் பட்டது.

இப்போது மதிலுக்கு மதில் நோட்டீஸ். மேலே அவர் முகம், கீழே தராசு.

"சனம் இதப் பாத்துக் காறித் துப்பப்போகுது. முதல்ல அந்தக் கோதாரியக் கழட்டுங்க" என்றாள் மனைவி இரத்தினம்மா.

மெழுகு உருண்டையைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டார்.

மறுநாள் காலை, தெருக்கோடிச் சீதேவி பால்மாத் தகரப் பேணியோடு ஒரு கிலோ சீனிக்கு வந்தாள். வழமையாக அவர் நிறுக்கும் கிலோ பேணியின் வாய்க்கு ரெண்டு விரல் கீழே நிற்கும். அன்றைக்குச் சீனி வாய்வரை முட்டி, மூடி பூட்டுப்படவில்லை.

"முதலாளி, சீனி பெருத்துப் போச்சா, பேணி சிறுத்துப் போச்சா?"

அவருக்கு முகம் சுட்டது. "அது... எலக்சனுக்காகக் கிலோவுக்கு ஒரு பிடி கூடப் போடுறன் புள்ள."

வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருந்தால் தப்பியிருப்பார். மத்தியானத்துக்குள் கடை வாசலில் சனம் முட்டியது. சரியான நிறையை வாங்கிக்கொண்டவர்கள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"பிடி எங்க முதலாளி?"

போட்டார். அவருக்கோ பெரிய கை.

களப்புக்கு அங்கால் வயல்வட்டைகளில் நெல் அறுப்பு நடந்த காலம் அது. வயல்வாடிக் குடிசைகளுக்குச் சாமான் கொண்டு போகிறவர்களைத் துறையடி ஆமிக் காவலரணில் மறித்து, அவர்களுடைய தராசில் நிறுத்துப் பார்ப்பார்கள். காட்டுக்குள் இருக்கும் இயக்கத்துக்குப் போய்விடக்கூடாதென்று ஆளுக்கு இரண்டு கிலோ சீனிதான். அதற்கு மேல் ஒரு மணியும் கூடாது.

மூன்றாம் நாள், சீதேவியின் புருசன் அழகரத்தினத்தைச் சட்டைக் கழுத்தில் பிடித்தபடி ஒரு ஆமிக்காரன் கடைக்குள் வந்தான். மற்றக் கையில் சீனிப் பை. பின்னால் சீதேவி தலையிலடித்துக்கொண்டு வந்தாள்.

"முதலாளி! மூணு வருசம் ஒங்க கடை ரெண்டு கிலோ, எங்க தராசில இருநூறு கிராம் குறைய. பிரச்சின இல்ல. இப்ப இருநூறு கூட! இந்தச் சீனி யாருக்கு? காட்டுக்குள்ள ஆளுக்கா?"

மூன்று வருசமாகக் காவலரணுக்கும் தெரிந்திருக்கிறது! வாசலில் நின்ற அத்தனை கண்களும் தன் முதுகில் ஊர்வதுபோல் இருந்தது நல்லரத்தினத்துக்கு. எனக்கொன்றும் தெரியாது என்று கைவிரித்துவிடலாம். மானம் மிஞ்சும். ஆள் மிஞ்சுவானா? அந்தக் காவலரணுக்குள் கூட்டிப்போன சிலர் இன்னும் வீடு வரவில்லை.

லாச்சியை இழுத்தார். மெழுகு உருண்டையை எடுத்து எல்லோருக்கும் தெரிய மேசையில் வைத்தார்.

"முந்திக் குறைஞ்சது இதால சேர். இப்பக் கூடினது... வெக்கத்தால."

ஆமிக்காரன் உருண்டையை உள்ளங்கையில் ஏந்திப் பாரம் பார்த்தான். அழகரத்தினத்தின் சட்டையை விட்டான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"பத்திரமா வை முதலாளி. எலக்சன் முடிஞ்சா வேணும்."

அதற்குப் பிறகு நல்லரத்தினம் ஒரு வீட்டு வாசலும் மிதிக்கவில்லை. வோட்டுக் கேட்டு வாய் திறக்கவில்லை. மறுதட்டுப் படிக்கல்லையும் எடுத்துவிட்டு, குனிந்த தலை நிமிராமல் நிறுத்துக் கொடுத்தார்.

தேர்தல் முடிவு வந்தது. குழுவில் ஒன்பது வேட்பாளர்கள். மொத்தமாக விழுந்த வோட்டு இரண்டு. ஒன்று அவருடையது. மற்றது தன்னுடையது என்று பிள்ளையார் மேல் ஆணையிட்டாள் இரத்தினம்மா.

அடுத்த நாள் பாதிக் கதவு சாத்தியபடி உள்ளே உட்கார்ந்திருந்தார். சீதேவி பேணியை நீட்டினாள்.

சீனியை நிறுத்துக்கொண்டே தரையைப் பார்த்துக் கேட்டார்: "சனம் எனக்குப் போடாதது நியாயம் புள்ள. என்னோட கூட நிண்ட கோணாமலையுமா போடல்ல?"

"போடத்தான் எல்லாருக்கும் கை உன்னினது முதலாளி." சீதேவி பூட்டுப்படாத மூடியை வைத்து அழுத்தினாள். "ஆனா வெண்டிட்டீங்கெண்டா மெழுகு திரும்ப ஏறிருமே. தோத்தாத்தானே அடுத்த எலக்சன்ல வெல்லணுமெண்டு அதுவரைக்கும் நிறை சரியாக் கிடக்கும்? இல்லாட்டி எதுக்குக் கோணாமலையண்ணன் விடியக் காலமே கச்சேரிக்குப் போய்க் காவல் கிடந்து, தராசுதான் வேணுமெண்டு கெஞ்சிக் கேட்டு வாங்கினவர்?"