ஒரு மணி பத்துக்கு வந்த நாரை

மேலத்தெரு, ரகிதோவா கிராமம்,
செவ்வாய்க்கிழமை.

அன்பும் மரியாதையும் மிகுந்த சகலை லூபென் அவர்களுக்கு, குஸ்மான் எழுதிக்கொண்டது. இங்கு நானும், உங்கள் மனைவியின் அக்கா ஸ்தான்காவும் நலம். ஆடுகள் நலம். என் இடது முழங்கால் மட்டும் நலமில்லை, அதை யாரும் கேட்பதுமில்லை. பிளோவ்திவில் நீங்களும் வென்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். காட்டுப்பன்றி பார்க்க வாங்கி, பன்றி எதுவும் வராததால் நீங்கள் எங்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்த கேமராவும் நலமாகவே இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இதில் உங்களைக் குறை சொல்லும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விஷயம் இதுதான். வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் ஊர்ச் சதுக்கத்தில் வைத்து என் மீசையை எடுக்கப் போகிறார்கள். நாற்காலி போட இடம்கூடப் பார்த்துவிட்டார்கள். நீங்கள் நேரில் வந்து ஒரு வார்த்தை சொன்னால் அது நிற்கும். வராவிட்டால் நிற்காது.

பிப்ரவரியில் திராட்சைக் கொடி நறுக்கும் திருநாளில் இது ஆரம்பித்தது. வழக்கம்போல நறுக்கியது கொஞ்சம், குடித்தது நிறைய. கீழத்தெரு நெத்கோவை உங்களுக்குத் தெரியும், உங்கள் கல்யாணத்தில் மேளக்காரன் மேல் விழுந்தானே, அவன்தான். அவன் வீட்டுப் புகைபோக்கியில் ஒரு நாரைக் கூடு. எங்கள் வீட்டு எதிரே மின்கம்பத்தில் ஒரு கூடு. எந்தக் கூட்டுக்கு முதலில் நாரை திரும்புகிறதோ அந்தத் தெருவுக்குத்தான் அந்த வருஷம் விளைச்சல் என்று இங்கே ஒரு பேச்சு உண்டல்லவா. நெத்கோ கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "உங்க தெருவுக்கு வர்றது பென்ஷன் வாங்குற நாரைடா குஸ்மான். எங்க நாரை முட்டை போட்டு அடைகாக்குறப்பதான் அது மெல்ல மலையைத் தாண்டும்" என்றான். எனக்கு வந்ததே கோபம். "எங்க நாரை பிந்தி வந்தா இந்த மீசையை நடுச்சதுக்கத்துல எடுத்துக்கறேன்டா!" என்று எழுந்து நின்று சொல்லிவிட்டேன். அவனும் எழுந்தான். "எங்க நாரை பிந்தினா நான் மொட்டை அடிச்சுக்கறேன்டா!" என்றான். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். நெத்கோவின் தலையில் வெகுகாலமாகவே ஒரு முடி கிடையாது என்பது மறுநாள் காலை முகம் கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது.

போகட்டும். வாய்ப்பேச்சை நம்பாமல் கேமரா வைப்பது என்று முடிவாயிற்று. அவன் தன் மருமகனிடம் ஒன்று வாங்கிக் கிணற்றடியில் கட்டினான். நான் நீங்கள் கொடுத்ததைப் பரண் ஜன்னலில், கூட்டைப் பார்த்தபடி கட்டினேன். பெரிதாக ஏதாவது அசைந்தால் அது தானே படம் எடுத்து, அடியில் நேரத்தையும் அச்சடித்துவிடும் என்று நீங்கள் சொல்லிக் கொடுத்திருந்தீர்கள். அதற்கு நன்றி. அது இன்னும் என்னென்ன தானே செய்யும் என்பதை நீங்கள் சொல்லாமல் விட்டதை நான் இங்கே பெரிதுபடுத்தப் போவதில்லை.

போன ஞாயிறு அதிகாலை, கோடைக்காலக் கணக்குக்காக நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ள வேண்டிய நாள். சகலை, நான் வேலை பார்த்த காலமெல்லாம் ரயில் நிலையத்தில் கடிகாரத்தோடு குடித்தனம் நடத்தியவன். அந்த ஒரு ராத்திரியில் மட்டும், ஓடிக்கொண்டிருக்கிற ரயில் எல்லாம் யார் தவறும் இல்லாமலே ஒரு மணி தாமதமாகிவிடும், அதற்கும் ஜனங்கள் எங்களைத்தான் திட்டுவார்கள். ஆகவே கடைசி நேரத்துக்கு எதையும் விட்டுவைக்கிற பழக்கம் எனக்கில்லை. சனிக்கிழமை சாயங்காலமே பரணில் ஏறிக் கேமராவின் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கி நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிறு காலை ஊரில் யாருக்கும் மணி என்னவென்று தெரியவில்லை. பூசைக்கு மணி அடிக்கிற கோயில்குட்டி தன் கடிகாரத்தை மாற்ற மறந்துவிட்டதால் பாதி ஜனம் பூசைக்கு முந்தி வந்தது, மீதி ஜனம் மெத்தோதி சாமி கதவைச் சாத்தும்போது வந்தது. பிறகு தூறல் பிடித்துக்கொள்ள, ஆண்கள் எல்லோரும் மதுக்கடைக்குள் நுழைந்தோம். நோன்புக் காலமாதலால் பீன்ஸ் சூப்பும் ராக்கியாச் சாராயமும் தவிர வேறெதுவும் தொடவில்லை. தூறல் விட்டு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால், புகைபோக்கியில் ஒரு நாரை நிற்கிறது, மின்கம்பத்தில் ஒரு நாரை நிற்கிறது. இரண்டும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. எது முந்தி வந்தது என்று சொல்ல ஒரு ஈ காக்காய் இல்லை.

முதலில் நெத்கோவின் கேமராவைப் பார்த்தோம். பத்து நாற்பது என்று காட்டியது. அவன் கடிகாரத்தைத் தொடவே இல்லை, ஊர்த் தலைவி ஸ்லாட்டினாவின் செல்போனோடு ஒத்துப் பார்த்ததில் சரியாக ஒரு மணி பின்தங்கியிருந்தது. ஆக அவன் நாரை வந்தது பதினொன்று நாற்பதுக்கு. சோம்பேறியின் கடிகாரத்தில் எப்போதும் ஒரே ஒரு தவறுதான் இருக்கும். பிறகு எல்லோருமாக எங்கள் வீட்டுக்கு வந்தோம். நான் முன்னால் ஓடிப் பரணில் ஏறிப் பார்த்தேன். படம் அருமையாக விழுந்திருந்தது, சிறகை விரித்து நாரை இறங்குகிறது, அடியில் நேரம் ஒரு மணி பத்து. அப்போது மணி பன்னிரண்டரை. அதாவது, இன்னும் வராத நாரை எங்கள் கூட்டில் நின்றுகொண்டு இறகு கோதிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். தப்பாக ஓடுகிற கடிகாரம் ஒன்று கண்ணில் பட்டால் அதை அப்படியே விட்டுவிட்டு நிற்க என்னால் முடியாது, சகலை. கை தானாகப் போய்விடும். பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், படம் மட்டும் தங்கியது, உள்ளே வைத்திருந்த நேரமும் மற்ற அமைப்புகளும் அழிந்தன, புதிதாகச் சரியான நேரம் வைத்தேன். மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்த தலைவி, "எவ்வளவு முந்தி ஓடுச்சுன்னு பாத்தீங்களா அண்ணே?" என்று கேட்டார். "பாக்கலம்மா. சரி பண்ணிட்டேன்" என்றேன். கீழே தெருவில் நெத்கோ சிரித்த சிரிப்பில் ஆடுகள் மிரண்டு கத்தின.

பிறகு சதுக்கத்தில் வழக்கு நடந்தது. கேமராவோடு வந்த தாளைத் தலைவி படித்துப் பார்த்து, இந்தக் கேமரா அந்த நாளில் தானாகவே ஒரு மணி தள்ளிக்கொள்ளும், ஆனால் சொந்தக்காரர் அப்படி வைத்திருந்தால்தான் என்றார். நெத்கோ விரலை மடக்கினான். "குஸ்மான் தள்ளினது ஒண்ணு, அது நியாயம். கேமரா தானா தள்ளினது ஒண்ணு, அது உபரி. ஒண்ணு பத்துல ஒண்ணைக் கழிச்சா பன்னெண்டு பத்து. எங்களுது பதினொண்ணு நாப்பது. கத்தியத் தீட்டுங்கப்பா!"

மீசையில் கை வைத்தபடி நின்றுவிட்டேன். அந்த மீசை ராணுவத்திலிருந்து வந்த வருஷம் வைத்தது. கல்யாணப் படத்தில் இருக்கிறது, வேலை அட்டையில் இருக்கிறது, கண்ணாடியில் நான் தேடுவதே முதலில் அதைத்தான். அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து ஸ்தான்கா கையைத் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தாள்.

"நானும் தள்ளினேன்" என்றாள்.

என் பக்கம் விரலை நீட்டினாள். "இவரு மறந்திருப்பாருன்னு காலையில பரண்ல ஏறி ஒரு மணி தள்ளினேன். உபரி ரெண்டு. கழிச்சுப் பாருங்க, பதினொண்ணு பத்து."

மெத்தோதி சாமி, "பெரிய நோன்பு நடக்குது ஸ்தான்கா. யோசிச்சுச் சொல்லும்மா" என்றார்.

"யோசிச்சுத்தான் சொல்றேன் சாமி."

நெத்கோ விடுவானா? "மேல போனியே, படத்துல உன்னக் காணோமே?"

"அது கூட்டைப் பாத்துட்டு நிக்குது, நான் பின்னால நின்னு தள்ளினேன். தலை சீவாம அதுக்கு முன்னால போய் நிப்பேனா? நான் என்ன உன் தங்கச்சியா?"

ஊரே சிரித்தது. ஆனால் நெத்கோ கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத ஜாதி, அவனுக்கு மீசை இல்லாவிட்டாலும். சட்டென்று பேச்சை மாற்றிவிட்டான். "அப்படின்னா கேமரா தானா மாறவே இல்லை! உபரி ஒண்ணுதான், அதைத் தள்ளினது உன் பெண்டாட்டி! அதே பன்னெண்டு பத்துதாண்டா!" என்றான். அரை மணி முன்னால் தானாக மாறிய கேமரா இப்போது மாறாத கேமரா ஆகிவிட்டது. கடைசியில் தலைவி தீர்ப்புச் சொன்னார். "கேமராவை முதல்ல வெச்சிருந்தவரு வந்து, தானா மாறுற மாதிரி வெச்சிருந்தாரா இல்லையான்னு சொல்லட்டும். ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுப்போம்."

அதுவரை ஊரில் ஒருவரும் மணிக்கட்டில் இருக்கிற மார்ச் மாதக் கயிற்றை அவிழ்க்கக் கூடாது என்றும் ஆகிவிட்டது. நாரையைப் பார்த்ததும் அவிழ்த்துப் பூத்த மரத்தில் கட்டுவதுதான் முறை, ஆனால் எந்த நாரையைப் பார்த்து அவிழ்ப்பது? பிளம் மரம் பூத்துக் குலுங்கிக்கொண்டு வெறுமனே நிற்கிறது. கயிற்றின் வெள்ளையும் சிவப்பும் அழுக்கில் ஒரே நிறமாகிவிட்டன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்னைக் கண்டால் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு ஓடுகின்றன.

ஆகவே, சகலை, நீங்கள் கேமராவைத் தானாக மாறும்படிதான் வைத்திருந்தீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, ஏனென்றால் தானாக நடக்கிற எதையும் நீங்கள் தடுத்து நான் பார்த்ததில்லை. ஞாயிறு காலை பஸ்ஸில் வந்து அதைச் சபையில் சொன்னால் போதும். உங்களைக் குறை சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை என்று மறுபடியும் சொல்லிக்கொள்கிறேன். வென்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள். உங்கள் திராட்சைக் கொடியைப் பிந்தி வரும் பனி தொடாமல் இருக்கட்டும், பீப்பாய் ஒழுகாமல் இருக்கட்டும், நீங்கள் போகிற காட்டில் பன்றிகள் வரட்டும்.

இப்படிக்கு, இதுவரை மீசையுள்ள,
குஸ்மான்.

பின்குறிப்பு: தம்பி லூபென், இது ஸ்தான்கா. அவரு தபால்தலை வாங்கப் போயிருக்காரு, அதுக்குள்ள எழுதுறேன். நான் பரண்ல ஏறவே இல்லை. நான் தள்ளினது அடுப்புக் கடிகாரத்தை. துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தப்ப கீழத்தெரு நாரை அலகைத் தட்டுற சத்தம் நல்லாக் கேட்டுச்சு, அப்ப நம்ம கூடு காலியாத்தான் இருந்துச்சு. நம்மளுது வர்றதுக்குள்ள எனக்கு ஒரு கொடி நிறையத் துணி காஞ்சிருக்கும், மழைதான் கெடுத்துச்சு. நெத்கோ சொன்னதுதான் சரி, ஆனா அதை அவன் ஆயுசுக்கும் தெரிஞ்சுக்க வேண்டாம். நீ ஞாயித்துக்கிழமை கட்டாயம் வந்து, கேமரா தானா மாறும்னு மட்டும் சொல்லு. அது நிஜம்தானே, உனக்குப் பாவம் இல்லை. நோன்புல பொய் சொன்ன பாவம் என்னோடது, ஈஸ்டருக்கு முன்னால சாமிகிட்ட நானே சொல்லிக்கறேன். கல்யாணமான நாள்லேருந்து அந்த மீசைக்குக் கீழ என்ன இருக்குன்னு நான் பாத்ததில்லை தம்பி. இந்த வயசுல வீட்டுக்குள்ள புதுசா ஒரு ஆம்பளையை வெச்சுக்க என்னால முடியாது.