மலையின் முன்புறம்

மலைக்கு ஒரு முகம் உண்டு, அந்த முகம் தன் வீட்டுக் கொல்லையைப் பார்த்துத்தான் இருக்கிறது என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யக்கூடிய ஓர் இனம் நம்மிடையே உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். சும்மா இருக்கும்வரை இவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. இவர்களில் ஒருவர் படம் எழுதக் கற்றுக்கொண்டுவிட்டால்தான் சங்கடம்.

சூளகிரி சென்றாயன் கற்றுக்கொண்டிருந்தார். பெங்களூர் ரோட்டுக் காபி ஓட்டலுக்குப் போர்டு எழுதினால் டம்ளருக்குப் பின்னால் மூன்று முனையோடு மலை நிற்கும். சாந்த் பாஷாவின் பீடிக்கடைப் பலகையில் பீடிக்கட்டுக்குப் பின்னால் அதே மலை. ஐம்பத்திரண்டாம் வருஷத்து எலெக்‌ஷனுக்குச் சுவரில் மாட்டுச் சின்னம் எழுதச் சொன்னார்கள், மாடு மலையடிவாரத்தில் மேய்ந்தது. நாடகப் படுதாவில் கைலாசமும் அதுதான், இலங்கையும் அதுதான். அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு பறந்தபோது, ஊருக்கு மலையில்லாமல் போய்விடுமே என்று கீழே இன்னொன்றும் எழுதிவைத்தார்.

யாரும் கேட்கவில்லையா? கேட்டார்கள்.

"கைலாசத்துல பனி இருக்குமாமே?" என்றார் பாஷா.

"நீங்க போயிப் பாத்துட்டு வந்தீங்களா, பாய்?"

சென்றாயனின் மனைவி நஞ்சம்மா மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரி. அவள் பிறந்த ஊர்த் திருவிழா நாடகத்துக்குப் படுதா வேண்டுமென்று தம்பி திம்மப்பன் வந்தான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் பிறந்த வீட்டார் அவள் புருஷனைத் தேடி வந்தது அதுதான் முதல் தடவை. நஞ்சம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. படுதா போயிற்று. மூன்றாம் நாள் திரும்பி வந்தது.

"மாமா, படம் நல்லாத்தான் இருக்குது. ஆனா எங்க மலையக் காணமேங்கறாங்க. எங்களுக்கு ரெண்டு முனைதான், நடுவுல பள்ளம். இதக் கட்டவே கூடாதுங்கறாங்க."

"அப்போ உங்க ஊர்லருந்து மலை தப்பாத் தெரியுது," என்றார் சென்றாயன். அவருக்குக் கோபமில்லை, இரக்கம்தான். "பின்பக்கமாக் குடியிருந்துகிட்டு மலையக் குத்தம் சொன்னா எப்படிப்பா?"

திம்மப்பன் அக்காவைப் பார்த்தான். திருவிழாவுக்கு ஐந்தே நாள். படுதா இல்லாமல் நாடகம் நின்றால், இனி எந்த முகத்தோடு அவள் அந்த ஊருக்குப் போவாள்?

களி கிண்டிக்கொண்டிருந்த நஞ்சம்மா கோலைக் கீழே வைத்தாள்.

"பன்னெண்டு வருஷமா நீங்க எழுதறதப் பாக்கறன். எல்லாரும் மலைன்னாங்க, நானும் மலைன்னுட்டன். எங்க மலைய ஒருநாளும் நீங்க எழுதல. எங்க ஊரு நெனப்பு வந்தா நான் எதப் பாக்கறது, சொல்லுங்க?"

சென்றாயனுக்குச் சுருக்கென்றது. இந்த இனத்தாருக்கும் நெஞ்சு உண்டு, அதை மறைக்கக் கூடாது. மறுநாள் மைத்துனனோடு மலையைச் சுற்றிக்கொண்டு நடந்தார், பொழுது சாயும்வரை அந்த ஊர்ப் பாறைமேல் உட்கார்ந்து பார்த்தார், வந்து மூன்று நாள் சோறு தண்ணி மறந்து எழுதினார். இரண்டு முனை, நடுவில் பள்ளம். நஞ்சம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திருவிழாவன்று படுதா விரிந்ததும் ஊரே கை தட்டியது. பிறகு தட்டிய கைகள் ஒவ்வொன்றாக நின்றன. படத்துக்குக் கீழே தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும், முழ உயர எழுத்தில், யாருக்கும் சந்தேகம் வராதபடி சென்றாயன் எழுதியிருந்தார்: "மலையின் பின்புறம்."

ஊர்ப் பெரியவர் கரியப்பன் விறுவிறுவென்று மேடையேறினார். ஈரத்துணியால் அழித்தார். அடுப்புக்கரியால், மூன்று மொழியிலும், "முன்புறம்" என்று திருத்தினார். சென்றாயன் பாய்ந்து வந்தார். நாடகம் ஆரம்பிக்க வெகுநேரமாயிற்று.

நஞ்சம்மாவுக்கு எந்த மொழியிலும் படிக்கத் தெரியாது. அவள் முதல் வரிசையில் உட்கார்ந்து மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிரிக்கிறீர்களாக்கும். இருக்கட்டும். உங்கள் ஊரிலும் ஒரு குன்றாவது இருக்குமே, அதற்கு எது முன்புறம்? யோசிக்காமலே பதில் சொல்லிவிட்டீர்கள், பார்த்தீர்களா?