ஐடிலிங் நிலைப்புப் பொறியாளர்

“ஒரு ஸ்க்ரூடிரைவர் குடுங்க சார்.”

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்த நாள் தொட்டு இன்றுவரை, எந்திரங்களுக்கு இழைக்கப்பட்ட அவமானங்களிலேயே கொடியது இந்த ஒற்றை வாக்கியம்தான் என்பது நிறுவனத்தின் அசைக்க முடியாத கொள்கை. வேலையில் சேர்ந்த அன்றே அவளிடம் சொல்லிவிட்டார்கள். நாற்காலி கேள், ஏசி கேள், லீவுகூடக் கேட்டுப் பார். ஸ்க்ரூடிரைவர் மட்டும் கேட்காதே. கேட்டால் வண்டியில் கோளாறு இருப்பதாக ஆகிவிடும். இந்த நிறுவனம் தயாரிக்கும் மண்பாதைப் பந்தய பைக்குகளில் கோளாறு கிடையாது. ‘மனநிலை’தான் உண்டு.

அப்பேர்ப்பட்ட வாக்கியத்தை அவள் சொல்லிவிட்டாள். அதுவும் கூட்ட அறையின் நட்டநடுவில், கம்பளத்தின் மேல் நின்றிருந்த பைக்கின் த்ராட்டிலை வலது கையால் முறுக்கிப் பிடித்தபடியே.

பிடித்த கையை எடுத்தால் என்ஜின் அணைந்துவிடும். அதற்காகத்தான் அவளை வேலைக்கே எடுத்திருந்தார்கள்.

ஐடிலிங் என்பது உயர்ந்த கலை. த்ராட்டிலை யாரும் தொடாதபோதும் அணையாமல், எங்கேயும் போகாமல், எந்த வேலையும் செய்யாமல், நின்ற இடத்திலேயே சீராக ஓடிக்கொண்டிருப்பது. மேனேஜருக்கு அது பிறவியிலேயே வாய்த்திருந்தது. வண்டிக்குத்தான் வரவில்லை. டூ-ஸ்ட்ரோக் என்ஜின் அல்லவா, யாரும் தொடாமலே திடீரென்று அலறும். அலறல் தாங்காத மேனேஜர், ஒருநாள் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து, கார்புரேட்டரின் ஐடில் ஸ்க்ரூவைத் திருகிக் குறைத்தார். (நாணயம் கருவி ஆகாது என்பதால் கொள்கைக்குப் பங்கம் வரவில்லை.) அலறல் நின்றது. கூடவே என்ஜினும் நின்றது.

அந்தச் சாதனையை அடுத்து ஒரு புதிய பதவி பிறந்தது: ‘ஐடிலிங் நிலைப்புப் பொறியாளர்’. தகுதி, பொறியியல் பட்டம். பணி, விருந்தினர் வரும்போது ஹேண்டில்பாரின் மேல் ஏதோ தற்செயலாகக் கை வைத்ததுபோல் நின்று, த்ராட்டிலை லேசாக முறுக்கிக்கொண்டே சிரிப்பது. அவள் சேர்ந்த பிறகு என்ஜின் ஒருமுறைகூட அணையவில்லை. ‘அணையாத என்ஜின்’ என்று விருதே கொடுத்தார்கள். மேனேஜருக்கு.

வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள்தான். “எம் பொண்ணுக்குக் கையில அழுக்கே படாத வேலை” என்று அப்பா பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் பொய்யில்லை. அழுக்குப் படவில்லை, காய்ப்புதான் பிடித்தது.

மறுநாள் புது வண்டியின் அறிமுக விழா. விருந்தினர் முன்னிலையில், மண்மேட்டின் மேல் ஏறி இந்த வண்டி அந்தரத்தில் பறக்க வேண்டும். ஓட்டப்போவது அவளுடைய அண்ணி. அண்ணன் மனைவி, நிறுவனத்தின் பந்தய ஓட்டுநர். ஆரஞ்சு ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அறையெங்கும் நீலப் புகை. அதற்கு ‘நிறுவன நறுமணம்’ என்று மேனேஜர் பெயர் சூட்டிவிட்டதால், எல்லோரும் மரியாதையோடு இருமினார்கள்.

“ஸ்க்ரூடிரைவரா?” மேனேஜர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். “வெளியாள் காதுல விழுந்தா என்னம்மா ஆகும்?”

வெளியிலிருந்து வரவழைக்கப்பட்டிருந்த ஆலோசகர் கையமர்த்தினார். எந்திரங்களைத் தொடாமலே குணப்படுத்தும் நவீன முறையில் அவர் கரை கண்டவர். “கோபப்படாதீங்க. வண்டியை நாம குறை சொல்றோமே, அது நம்மகிட்ட என்ன சொல்ல வருதுன்னு யாராவது காது குடுத்தோமா?”

“நான் குடுத்தேன் சார்,” என்றாள் அவள். “‘ரப்பர் வெடிச்சிருக்கு, மாத்து’ன்னு சொல்லுது.”

“அது உங்களோட எண்ணம். வண்டியோட எண்ணம் இல்ல.”

“கார்புரேட்டரையும் என்ஜினையும் சேக்குற ரப்பர் சார். நேத்து அது மேல க்ளீனர் தெளிச்சுப் பாத்தேன். தெளிச்ச உடனே என்ஜின் சத்தம் மாறுது. வெடிப்பு வழியா காத்து உள்ள பூந்துகிட்டு இருக்கு. அதான் அலறல்.”

எல்லோரும் விளம்பரப் பிரிவுத் தலைவரைப் பார்த்தார்கள். கண்ணில் பட்டதற்கெல்லாம் வண்ணம் அடிப்பவர் என்பதால் அவருக்குப் ‘பெயின்ட் அண்ணன்’ என்று பெயர். அவர் முகம் பெருமையில் மலர்ந்தது.

“அந்த ரப்பரா? கன்னங்கரேல்னு கெடந்துச்சும்மா. போட்டோல ஏதோ அழுக்கு ஒட்டுன மாதிரி. நம்ம நிறுவனத்தோட நிறம் ஆரஞ்சு. நல்லா தின்னரை ஊத்தித் தேச்சு, பெயின்ட் அடிச்சு, ஜம்முனு ஆக்கிட்டோம்.”

“தின்னர் பட்டா ரப்பர் வெடிச்சிடும்ணே.”

“வெடிச்சா என்ன? வெடிப்பும் ஆரஞ்சாத்தான இருக்கு?”

அவையில் மெச்சும் முணுமுணுப்பு எழுந்தது. கடைசி நாற்காலியிலிருந்து அண்ணி குரல் கொடுத்தாள்.

“ஏய், சுத்தி வளைக்காம சொல்லு. நாளைக்கு இதுல தாவுனா என்ன ஆகும்?”

“பெட்ரோல்லதான் அண்ணி ஆயிலும் கலந்து போகுது. காத்து கூடுனா ரெண்டும் பத்தாது. பிஸ்டன் சூடேறி சிலிண்டரோட ஜாம் ஆயிடும். பின்சக்கரம் அப்படியே நின்னுடும்.”

“அந்தரத்துலயா?”

“அந்தரத்துல நின்னா தரையில எறங்குறப்பத் தெரியும்.”

அண்ணி ஹெல்மெட்டைத் தட்டிக்கொண்டாள். “உங்கண்ணன் எனக்கு ஒருநாளாவது சோறு ஊட்டிவிடணும்னு ஆசைதான். அதுக்காக ரெண்டு கையிலயும் கட்டுப் போட்டுகிட்டு வேணாம்.”

“மாத்தினா கருப்பு ரப்பர்தான் கெடைக்கும். நாளைக்குக் கேமராவெல்லாம் வருது,” என்றார் மேனேஜர். “அவங்க ஹெல்மெட் ஆரஞ்சுதானே? அப்புறம் என்ன பயம்?”

பிறகு அவர் எழுந்து நின்று, வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவுகளை அறிவித்தார். ஸ்க்ரூடிரைவரின் தேவையை ஆராய ஒரு குழு அமைக்கப்படும். குழு, விழா முடிந்த பிறகு கூடும். விழாவில் வண்டி அணைந்து மானம் போகாமலிருக்க, ஐடிலிங் நிலைப்புப் பொறியாளரும் கூடவே செல்வார்.

“கூடவேன்னா?”

“பின்னாடி உக்காந்துகிட்டு த்ராட்டிலைப் பிடிச்சுக்கோம்மா.”

“ஒத்தை சீட்டு சார் இது!”

“படிச்ச பொண்ணு. சமாளிக்கக் கத்துக்கணும்.” மேனேஜர் குரலைத் தாழ்த்தி, தகப்பனைப் போலக் குழைந்தார். “உங்க வீட்டுல நீதான் மொத பட்டதாரி. இந்த வேலை போச்சுன்னா உங்கப்பா வெளிய தலைகாட்ட முடியுமா? நல்லா யோசி.”

அவள் யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். மேசையிலிருந்த தன் டம்ளரையும் மாற்றுச் செருப்பையும் காலையிலேயே பையில் போட்டுக் கதவோரம் வைத்தாயிற்று. ஸ்க்ரூடிரைவர் கேட்டது, கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்த்துவிடலாமே என்றுதான்.

ஆலோசகர் இரு கைகளையும் உயர்த்தினார். “எல்லாரும் கண்ணை மூடுங்க. மூச்சை ஆழமா இழுங்க. வண்டி பேசுறதைக் கேப்போம்.”

எல்லோரும் கண்ணை மூடினார்கள், ஆழமாக இழுத்தார்கள், ஆழமாக இருமினார்கள்.

அவள் கையை எடுத்தாள்.

என்ஜின் இருமுறை விக்கியது. நின்றது. அறையில் அப்படியொரு நிசப்தம். அண்ணி ஓசைப்படாமல் எழுந்து வந்து, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து தன் சொந்த ஸ்பார்க் ப்ளக் ஸ்பேனரை எடுத்து நீட்டினாள். அதையாவது யாரும் கேட்கக் கூடாதென்று சொல்லியிருக்கவில்லை. அவள் ப்ளக்கைக் கழற்றி, சூடு பொறுக்கக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். இனி இந்த வண்டியை எந்தக் கொம்பன் உதைத்தாலும் மண்மேட்டுக்கு நகராது.

“ஆஹா!” மேனேஜரின் மூடிய கண்களில் நீர் கோத்தது. “கேட்டீங்களா? சத்தமே இல்ல! இவ்வளவு சீரான ஐடிலிங்கை என் அனுபவத்துலயே கண்டதில்ல!”

“அமைதியடைஞ்சிடுச்சு,” என்றார் ஆலோசகர்.

“ஆரஞ்சோட மகிமை,” என்றார் பெயின்ட் அண்ணன்.

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. தட்டி முடித்துக் கண்ணைத் திறந்தபோது, வண்டிப் பக்கத்தில் யாருமில்லை. மேனேஜரின் நாற்காலியில் ஆரஞ்சு ஹெல்மெட் உட்கார்ந்திருந்தது. அண்ணி கதவைத் திறந்து பிடித்திருந்தாள். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

“எங்கம்மா போற? கைய எடுத்துட்டியே, வண்டி செத்துடாதா?”

“அது நீங்க பெயின்ட் அடிச்ச அன்னைக்கே செத்துப்போச்சு சார். இத்தனை நாளா ஓடுனது என் கை.”

காய்ப்புப் பிடித்த அந்தக் கையால் கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்திவிட்டு நடந்தாள்.