பெயர் தெரியாத கலியாண அழைப்பு

மட்டக்களப்பு.

மரியாதைக்குரிய மச்சான் வினாயகமூர்த்தி அவர்களுக்கு,

சித்தாண்டி முருகன் துணையில் நீங்களும் என் தங்கச்சியும் சுகமென்று நம்புகிறேன். என் சுகத்தை விசாரிக்க வேண்டாம்; அதற்கு நான் தகுதியில்லை.

உங்கள் மகள் கஜானியை ஆராய்ச்சி நிலையத்தில் பணியிடைநிறுத்தியது அவளுடைய பிழையால் என்று ஊரில் கதைக்கிறார்களாம். பிழை என்னுடையது.

நிலையத்துக் கணினிகளுக்கு அவள்தான் காவல். உப்புத்தண்ணீர் ஏறிய வயல்வட்டையிலும் விளைகிற நெல்லைப் பற்றிய ஏழு வருட ஆய்வு உள்ளே இருந்ததால், கண்ட இணையத்தளங்களையும் முகம் தெரியாத மின்னஞ்சல்களையும் மறித்து வைத்திருந்தாள். அதே நிலையத்தில் கோப்பெழுதும் பிரதம லிகிதரான நான் தேத்தண்ணீரோடு பார்க்கும் ராசிபலனும் அதில் போனது. மருமகளுக்குத் தலைக்கனம் என்று பக்கத்து மேசை நௌஷாட்டிடம் கதை கட்டியதும் நான்தான். இப்படியிருக்க எனக்கு மின்னஞ்சலில் வந்த ஒரு கலியாண அழைப்பையும் அந்தத் தடுப்பு பிடித்து வைத்துவிட்டது, அழைப்பை வாங்காமல் விட்டால் எங்கள் சனம் எத்தனை வருடம் முகம் பார்க்காது என்பது உங்களுக்குத் தெரியாததா, நேரே அவளிடம் போய் நின்றேன்.

"மாமா, அனுப்பினது ஆரெண்டே தெரியா. திறக்க ஏலா."

"திறந்தாத்தானே புள்ள எந்தப் பக்கத்துச் சொந்தமெண்டு தெரியும்."

அரை நாள் அவள் கதிரைக்குப் பக்கத்திலேயே இருந்து, அவள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கில் நான் தண்ணீர் வார்த்தது வரைக்கும் சொல்லிக்காட்டினேன். விட்டுக்கொடுத்தாள். திறந்தேன். மாப்பிள்ளையும் இல்லை, பெண்ணும் இல்லை. கொஞ்ச நேரத்தில் கணினிகள் எல்லாம் கறுத்து, ஏழு வருட ஆய்வும் எங்கோ இருக்கிற கள்ளன் கைக்குப் போனது. அப்போதும் நான் கலியாணத்துக்கு எந்த வேட்டி, எந்தச் சேட்டுப் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

விசாரணையில் அவள் என் பெயரை எடுக்கவில்லை. ஏனென்று கேட்டேன். "உங்களுக்குப் பென்சனுக்கு எட்டு மாசந்தானே மாமா கிடக்கு," என்றாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. புட்டு மட்டும் கொஞ்சம் இறங்குகிறது.

வருகிற திங்கட்கிழமை பணிப்பாளரிடம் போய் உண்மையை என் வாயாலேயே சொல்லப்போகிறேன். எது வந்தாலும் தாங்குவேன்.

கஜானிக்கு என் ஆசீர்வாதம் வேண்டாம், மன்னிப்புக் கேட்டதாக மட்டும் சொல்லுங்கள். தங்கச்சிக்கு என் அன்பு, அவள் வாங்கிக்கொண்டால்.

இப்படிக்கு,
க. வல்லிபுரம்

பி.கு.: மேலே எழுதிய திங்கட்கிழமை போய் மூன்று வாரமாகிறது. மூன்று தரம் பணிப்பாளர் அறைக்குள் போய், மூன்று தரமும் மழையைப் பற்றிக் கதைத்துவிட்டு வந்தேன். ஆகையால் மச்சான், இந்தக் கடிதத்தை நீங்களே கொண்டுவந்து அவரிடம் கொடுங்கள். நான் வெளியே வாங்கில் உட்கார்ந்திருப்பேன். கூப்பிட்டால் உள்ளே வருவேன்.