நாற்பது தோட்டாவும் ஒரு சிறுத்தையும்

இந்த வெள்ளிக்கிழமை என் மனைவி வாயிலிருந்து "வந்துடுங்க" என்கிற ஒரே ஒரு வார்த்தையை வரவழைக்காமல் போனை வைப்பதில்லை! இப்படி ஒரு சபதம் எடுத்தேன். சாட்சிக்குத்தான் ஆள் இல்லை. அறையில் நான், ஏசி, நாற்பது பித்தளைத் தோட்டாக் கூடு. அவ்வளவுதான்.

என் பெயர் உடையப்பன். தேவகோட்டைப் பக்கம். துபாய் தாண்டி ராஸ் அல் கைமாவில் ஓர் அர்பாபிடம் வேலை. அர்பாப் என்றால் முதலாளி. அவருக்குச் சொந்தமாகக் கல் குவாரி இருக்கிறது, ஆனால் உயிர் இருப்பது துப்பாக்கியில். வருஷத்துக்கு ஒரு தரம் ஆப்பிரிக்கா போய் மான் சுடுவார். மற்ற நாளில் மலையடிவாரத்தில் அட்டையை நட்டுவைத்து அதைச் சுடுவார். கடையில் விற்கும் தோட்டா அவருக்கு ஆகாது. கூட்டின் தோளை நிமிர்த்தி, வயிற்றை அகட்டி, இன்னும் கொஞ்சம் வெடிமருந்து பிடிக்கிற மாதிரி தானே ஒரு தோட்டாவைக் கண்டுபிடித்திருக்கிறார். உலகத்தில் வேறு யாரிடமும் கிடையாது என்பார். கிடைத்தால்தான் என்ன, வேறு துப்பாக்கியில் அது நுழையாது. அவர் துப்பாக்கியில் ஒரு தரம் சுட்டதும் கூடு அதன் உள்வாகுக்குத் தக்கபடி விரிந்துவிடும். அப்புறம் அதற்கு வேறு போக்கிடம் இல்லை. பதினோரு வருஷம் வசந்தகுமாரியோடு குடித்தனம் பண்ணிய எனக்கும் அதே கதிதான்.

அந்தக் கூடுகளில் மருந்தை நிறுத்துப் போட்டு, குண்டை வைத்து மூடுவது என் வேலை. ஒன்றில் இரண்டு தரம் மருந்து விழுந்தால் துப்பாக்கியும் போச்சு, சுடுகிறவர் முகமும் போச்சு. அதனால் அறையில் ரேடியோ கூடாது, போன் கூடாது, பேச்சுத் துணை கூடவே கூடாது. காலையில் கதவைச் சாத்தினால் மத்தியானம் டிரைவர் ரகுநாதன் பார்சலோடு வந்து தட்டுவார். "சாப்பிடுய்யா" என்பார். அன்றைக்கு என் காதில் விழும் தமிழ் அவ்வளவுதான். ராத்திரி படுக்கையும் பட்டறைக்குப் பின்னாலேயே. சில நாள் தராசிடம் நானே "சரியா இருக்கா?" என்று கேட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை போன் கார்டைச் சுரண்டிப் பேச ஆரம்பித்தால் முதல் வார்த்தை தொண்டையில் சிக்கிக்கொண்டு வரும்.

"அப்படியானால் லீவு போட்டு ஊருக்குப் போயேன்" என்பீர்கள். அங்கேதான் ஊறுகாய் குறுக்கே நிற்கிறது.

மூன்று வருஷம் முன்பு கிளம்பும்போது வசந்தகுமாரி பெட்டியில் வைத்த எலுமிச்சை ஊறுகாய் கசிந்து என் பாஸ்போர்ட்டைக் குளிப்பாட்டிவிட்டது. ஏர்போர்ட் வாசலில் கத்தினேன். "நீயா கூப்பிடாம இந்த ஊர்ல கால் வைக்க மாட்டேன்!" அவளும் சளைக்கவில்லை. "நீங்களா வரேன்னு சொல்லாம நான் கூப்பிட மாட்டேன்!" இரண்டு தீபாவளி போய்விட்டது, மூன்றாவதும் வரப்போகிறது. லீவு எப்போது என்று அர்பாப் கேட்டபோதெல்லாம் "மாஃபி", அதாவது கிடையாது, என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு, அறைக்குப் போய் அழுதேன். பொய் சொல்வானேன், அழுதேன்.

அவளாகக் கூப்பிட வேண்டுமானால் அவள் பயப்பட வேண்டும். எனவே நான் வேட்டைக்காரன் ஆனேன். அர்பாபின் துப்பாக்கியைக் கையில் பிடித்து ரகுநாதனை ஒரு போட்டோ எடுக்கச் சொல்லி ஊருக்கு அனுப்பினேன். சபதத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை கதையை அவிழ்த்தேன்.

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பாடா! உயிர் பொழைச்சதே பெரிசு. மலையில சிறுத்தைடி! அர்பாப் சுட்டது தப்பிடுச்சு. என்மேல பாஞ்சிருச்சு!"

"ஐயையோ! அப்புறம்?"

ஐயையோ சொல்லிவிட்டாள்! எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"அப்புறம் என்ன, நான் சுட்டேன். நெத்தியில ஒரே குண்டு. சட்டையெல்லாம் ரத்தம்."

"பச்சைத் தண்ணியில ஊறப்போடுங்க. சுடுதண்ணி ஊத்தினா கறை போகாது."

கார்டில் நிமிஷம் தீர்ந்துவிட்டது. சிறுத்தை பத்தவில்லை. அடுத்த வாரத்துக்குப் பெரிதாக ஒன்று வேண்டும். வாரம் முழுக்க மருந்தை நிறுத்துக்கொண்டே யோசித்து, வெள்ளிக்கிழமை சபதத்தோடு போனை எடுத்தேன்.

"வசந்தா, வர்ற வியாழக்கிழமை புதுத் தோட்டா சோதனை. முதல் குண்டு நான்தான் சுடணும். மருந்து ஜாஸ்தி. வெடிச்சா முகமே இருக்காது. என்ன சொல்றே?"

"உங்களுக்குச் சுடறதுல அவ்வளவு ஆசையா?"

"ஆசையா? உயிரு!"

"சரி. நான் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டாள். பாவம், அழப் போயிருப்பாள் என்று நினைத்தேன். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

வியாழக்கிழமை காலை அர்பாப் என்னையும் வண்டியில் ஏற்றினார். மலையடிவாரத்தில் இறங்கியதும் துப்பாக்கியை என் கையில் திணித்தார்.

"உடையப், யல்லா! ஆஜ் தும் மாரோ!" ம், இன்றைக்கு நீ சுடு என்கிறார்.

நான் ரகுநாதனைப் பார்த்தேன்.

"உன் வீட்டம்மா என் நம்பருக்குப் பேசுச்சுய்யா. சுடணும்னு உனக்கு மூணு வருஷமா ஆசையாம், கேக்க வெக்கமாம். எடுத்துச் சொல்லுங்கண்ணேன்னு ஒரே கெஞ்சல். நானும் அர்பாப்கிட்ட சொல்லிட்டேன்."

"யோவ், எனக்கு ஊசிவெடியே ஆகாதுய்யா!"

அர்பாப் சிரித்தார். நீ செய்த தோட்டாதானே, பயம் எதற்கு என்று இந்தியில் கேட்டார். பயமே அதுதான். உள்ளே இருந்தது போன வாரம் நான் செய்த நாற்பதில் ஒன்று. அந்த வாரம் நான் தராசைப் பார்த்ததைவிட வசந்தகுமாரியைப் பயமுறுத்த வழி பார்த்ததுதான் அதிகம். இந்தக் கூட்டில் மருந்தை ஒரு தரம் கொட்டினேனா, இரண்டு தரமா? சத்தியமாக நினைவில்லை! பிற்பாடு நாற்பதையும் பிரித்து நிறுத்துப் பார்த்தேன், எல்லாமே அளவாகத்தான் இருந்தது. ஆனால் அது பிற்பாடு.

"அர்பாப், மாஃபி! வேண்டாம்! நீங்களும் சுடாதீங்க! பொண்டாட்டி நினைப்பிலேயே செஞ்சேன், அளவு சரியான்னு தெரியல!"

தமிழில்தான் கத்தினேன். ரகுநாதன் இந்தியில் சொன்னார். அர்பாப் என்னையே பார்த்தார். துப்பாக்கியை வாங்கித் தோட்டாவை வெளியே எடுத்தார். திட்டப் போகிறார் என்று நின்றேன். அவரோ தன் மொபைலை நீட்டினார்.

"கலாஸ்!" போதும், பெண்டாட்டியிடம் பேசு என்றார் இந்தியில்.

முதல் மணியிலேயே எடுத்தாள்.

"வசந்தா, நான் வந்துடறேன்."

"என்ன? சரியா கேக்கல."

"ஊருக்கு வரேன்டி! முடியல. நாள் முழுக்க யார்கிட்டயும் பேசாம இருக்க முடியல. நீ கூப்பிட வேண்டாம். நானே வரேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"இதை முன்னாடியே சொன்னா என்னவாம்? பிள்ளையா குட்டியா, எனக்கு மட்டும் இங்க யாரு இருக்கா? சுவத்தைப் பாத்துத்தான் நானும் சாப்பிடறேன்."

எனக்கும் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் கேட்டேன்.

"அப்போ சிறுத்தைக்குப் பயப்படவே இல்லியா நீ?"

"லட்சுமி வெடிக்குக் கட்டிலுக்கு அடியில போற ஆளு சிறுத்தையைச் சுட்டாராம்! போட்டோவுலகூட கண்ணை இறுக்கி மூடிக்கிட்டுத்தானே நிக்கிறீங்க?"

ரகுநாதன் சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து என்னிடம் நீட்டினார். திருச்சிக்கு டிக்கெட். தீபாவளிக்கு முதல் நாள் போய் இறங்குகிறேன். போன சனிக்கிழமையே போட்டிருக்கிறார்கள்.

"எல்லாம் கூட்டுச் சதியா?" என்றேன் போனில்.

"சதி என்ன சதி? ரகுநாதன் அண்ணன் கேட்டதும் அர்பாப் லீவு குடுத்துட்டாரு. உங்க வாயால வரட்டும்னு காத்திருந்தோம். அவ்வளவுதான்."

தோற்றதில் எனக்கு வருத்தமே இல்லை. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தேன்.

"சிரிச்சது போதும், நேரத்துக்கு வந்து சேருங்க" என்றாள். "உங்க போட்டோவைத் தெரு முழுக்கக் காட்டிட்டேன். எல்லாரும் சேர்ந்து பத்தாயிரம் வாலா வாங்கி வச்சிருக்காங்க. சிறுத்தையைச் சுட்டவர்தான் கொளுத்தணுமாம்."